பேட்டரிக்குக் கல்யாணம் செய்து வைத்த கெட்டிமேளம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே அதிகக் கல்யாணங்களை நடத்தி வைத்தவர் யார் என்று கேட்டால், நீங்கள் ஏதாவது ஒரு கோயில் குருக்களைக் கை காட்டுவீர்கள். தப்பு. அந்தப் பெருமை, தெப்ராவில் டயர் கடைக்குப் பின்னால் சந்துக்குள் கடை வைத்திருந்த ஒரு பிரம்மச்சாரிக்குத்தான் சேரும். அவர் நடத்தி வைத்த கல்யாணங்களில் மாப்பிள்ளை எப்போதும் காரின் பேட்டரி. பொண்ணு, பின்னால் பூட்டு என்கிற டிக்கிக்குள் உட்கார்ந்துகொண்டு நம் அடிவயிற்றைக் கலக்குகிற ஊஃபர் ஸ்பீக்கர்.

அவரை எல்லோரும் கெட்டிமேளம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா குத்த வேண்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் குத்தியிருக்கும். ஊரில் பாதிக் காருக்குப் பாட்டு வைத்துக் கொடுத்தவரிடம் சொந்தக் கார் கிடையாது. கார் லைசன்ஸ்கூடக் கிடையாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் படபடவென்று வருவார். ஏன் அண்ணே என்று கேட்டால், "மோட்டார்ல போனா இன்ஜினே பாடும் லா. அதுக்கு மேல என்ன வேணும்?" என்பார்.

நான் அப்போது தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். யாரோ ஓட்டிக் களைத்துப்போன ஒரு காரை வாங்கியிருந்தேன். கையோடு ஒரு பேரங்காடிக் கடையில் பெரிய ஊஃபர் ஒன்றையும், அதை ஓட்டுகிற ஆம்பு என்ற ஆம்ப்ளிஃபயரையும் வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்தக் கடைக்காரர் ரேடியோவுக்குப் போகிற நூல் மாதிரி ஒயரிலிருந்தே அதற்கும் கரண்டை இழுத்துவிட்டு, "சூப்பர் பாஸ்" என்று கட்டை விரலைக் காட்டி அனுப்பிவிட்டார்.

சூப்பர்தான். 'டும்' என்று ஒரு அடி விழுந்தால் முன்விளக்கு மங்கும். அடுத்த அடிக்குள் பிரகாசமாகும். மறுபடி மங்கும். ஒரு நாள் மாலை, லேசாக இருட்டுகிற நேரம், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த கார்களெல்லாம் திடீரென்று வேகத்தைக் குறைத்தன. ஒருவர் அவசர அவசரமாக பெல்ட்டை இழுத்துப் போட்டார். ஒரு லாரிக்காரர் எனக்குச் சல்யூட்டே அடித்தார். போலீஸ் வழிமறித்து நிற்கிறது என்று நான் விளக்கை அணைத்துப் போட்டு எச்சரிக்கிறேனாம்! என் புண்ணியத்தில் அன்றைக்கு ஒரு சாலை முழுவதும் ஒழுங்காகப் போனது. அந்த லாரிக்காரர் இன்னும் போலீஸைத் தேடிக்கொண்டிருப்பார்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர்தான் கெட்டிமேளத்தின் சந்துக் கடையைக் காட்டினார். கெட்டிமேளம் பானெட்டைத் திறந்தார். ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உச்சுக் கொட்டினார்.

"யாரு மாட்டுனா இத?"

"மால்ல ஒரு கடையில அண்ணே."

"அலமாக்! ரெண்டு பேருக்கு வடிச்ச சோத்த வச்சுக்கிட்டு கல்யாணப் பந்தி போட்டிருக்கான். ஆம்பு பட்டினி கெடக்குது, ஊஃபர் பட்டினி கெடக்குது, இதுல லைட்டோட சோத்தையும் புடுங்கித் திங்குது. நீ வாய் நெறயா டும் டும்னு கேட்டுக்கிட்டு இருக்க!"

முதலில் சோறு, அப்புறம் பாட்டு. இதுதான் அவருடைய கொள்கை. தங்கள் காருக்கு இன்னும் பெரிய ஊஃபர் வேண்டும் என்று வருகிறவர்களிடம், "உன் காடிக்குச் சோறு போட வக்கிருக்கா?" என்று கேட்பார். பெண் கேட்டு வந்தவர்களை விசாரிக்கிற மாமனார் தோரணை. ஆம்புக்கும் ஊஃபருக்கும் மீட்டரை வைத்துப் பொருத்தம் பார்ப்பார். சரிப்படவில்லை என்றால், "ரெண்டுக்கும் ஆகாது லா. ஒண்ணு இன்னொண்ண எரிச்சிரும். வேற எடம் பாரு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கையில் காசோடு வந்த வாடிக்கையாளர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

என் காருக்குப் பொருத்தம் அமைந்தது. பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை, சுண்டு விரல் தடிமனில் தனியாக ஒரு செம்பு ஒயர் இழுத்தார். பூட்டின் தரையில் பெயின்ட்டைச் சுரண்டிச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் எர்த் ஒயரை முடுக்கினார். பழைய வண்டிகளை வெட்டி விற்கிற கடையில் கிடந்த ஒரு பெரிய வேனின், கரண்டு உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்து என் குட்டி இன்ஜினோடு மாட்டினார். அந்த வேலைகள் முடிகிற வரை ஒரு சத்தம் வெளியே வரக் கூடாது.

"கொஞ்சம் பாட்டுப் போட்டுப் பாக்கலாமே அண்ணே" என்று ஒரு நாள் கெஞ்சினேன்.

முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியேவா? நல்ல குடும்பத்துப் புள்ளைங்கய்யா இது."

கல்யாணத்துக்கு அவர் ராகு காலம் பார்ப்பார். பேட்டரிக்கு மஞ்சள், குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கடைசியாக அந்தத் தடித்த ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் மாட்ட வேண்டும். அதுதான் தாலி. எங்கேயாவது ஒயர் உரசித் தீப்பிடிக்காமல் காரைக் காப்பாற்றுவது அந்த ஒரு துண்டுதான் என்பதால், அதை அவர் தொட மாட்டார். கார்க்காரர் வீட்டுப் பெரியவர்தான் தன் கையால் மாட்ட வேண்டும். மாட்டிய அடுத்த நொடி கெட்டிமேளம் ஒலிக்கும். அசல் நாதஸ்வரம், தவில் பதிவு. தவிலில் குச்சி விழுகிற பக்கமும் விரல் விழுகிற பக்கமும் தனித்தனியாகக் காதில் விழுந்தால்தான் வேலை சுத்தம் என்பார். சீன வாடிக்கையாளர்கள், மலாய்ப் பையன்கள் எல்லோரும் கை கூப்பி நிற்பார்கள். தவுக்கே என்று அழைக்கப்படுகிற ஒரு சீன முதலாளி சிவப்பு உறையில் மொய் வைத்துவிட்டு, குழந்தை எப்போது என்று விசாரித்தார். "அடுத்த மாசம் ட்வீட்டர் குட்டி ஸ்பீக்கர், ரெட்டப் புள்ள" என்று இவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

இப்படி எல்லாருக்கும் நடத்தி வைக்கிறவர் தான் மட்டும் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று ஒரு முறை கேட்டேன். "எனக்கு லோடு தாங்காது லா" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சீவப் போய்விட்டார். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

என் காரின் கல்யாணத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

அப்பா ஜொகூர் பாருவில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி என்றால் இன்ஜின் சத்தம் காதில் விழ வேண்டும், மற்ற எந்தச் சத்தமும் டிரைவருக்கு எதிரி என்பது அவர் கட்சி. மஞ்சள் பூசிய பேட்டரியையும் அதன் முன்னால் கை கட்டி நின்ற கெட்டிமேளத்தையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, உங்க கையால இத மாட்டுங்க" என்று கெட்டிமேளம் ஃபியூஸை வெற்றிலையில் வைத்து நீட்டினார்.

"ஒயருக்குத் தாலி கட்ட எனக்கென்ன பைத்தியமா? வாடா போலாம்" என்று அப்பா வெளியே நடந்துவிட்டார்.

கடைசியில் நானே மாட்டினேன். அன்றைக்கு மேளம் என்னவோ அருமையாகத்தான் ஒலித்தது. ஆனால் கெட்டிமேளத்தின் முகத்தில் களை இல்லை. அப்பா அன்றிலிருந்து அவரை 'டம்டம்' என்றுதான் குறிப்பிட்டார். "உன் டம்டம் போன் போட்டான்டா" என்பார்.

கெட்டிமேளத்துக்கு இன்னொரு வியாதி உண்டு. சலசலப்பு ஆகாது. காரில் எங்காவது ஒரு ஆணி, ஒரு சில்லறைக் காசு, நம்பர் பிளேட்டின் ஓரம் என்று ஏதாவது பாட்டோடு சேர்ந்து நடுங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை என் காரிலிருந்து 'கிரிச்' என்று ஒரு சத்தம் வந்தது. கண்டுபிடிக்க ஒரே வழி, நான் காரை ஓட்ட, அவர் பூட்டுக்குள் படுத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்பதுதான் என்று முடிவு செய்தார். சொன்னால் கேட்கிற ஆளா? படுத்துவிட்டார். மூடியைச் சாத்திவிட்டு ஓட்டினேன். திருப்பத்தில், இந்த முறை நிஜமாகவே போலீஸ் வழிமறித்து நின்றது.

போலீஸ்காரர் பூட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, ஊஃபர் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி ஒரு ஆள். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து, என்ன நடக்கிறது என்று மலாயில் அதட்டினார்.

கெட்டிமேளம் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "சாரி புன்யி, துவான்" என்றார். சத்தம் தேடுகிறேன் ஐயா என்று அர்த்தம். சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் போலீஸ்காரர் நல்ல மனிதர். அவர் காரிலும் ஏதோ சத்தம் வருகிறதாம், கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார். சத்தமும் கிடைத்தது. ஊஃபர் பெட்டியில் காற்று போய் வருவதற்கு ஒரு ஓட்டை இருக்கும். அது வழியாக உள்ளே விழுந்திருந்த ஒரே ஒரு கடலை. கெட்டிமேளம் ஊஃபரையே கழற்றி அதை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "காடியில கச்சாங் தின்னாத. தின்னா பெட்டிக்குப் போடாத" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னார்.

இப்போது என் தங்கச்சி கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாவின் கல்யாணம் மேளம் இல்லாமல் நடந்த கல்யாணம். அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டில் ஒரு சாவு. மேளக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, சத்தமில்லாமல் தாலியைக் கட்டியிருக்கிறார்கள். அம்மா அதை மறக்கவே இல்லை. குழம்பில் உப்பு குறைகிறது என்று அப்பா சொன்னாலும், "ஊமக் கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்கு இவ்ளோதான் வரும்" என்று பதில் வரும். அதனால் அப்பா ஒரு சபதமே போட்டிருந்தார். "எம் பொண்ணு கல்யாணத்துல மேளம் அடிச்சா சிங்கப்பூர் வரைக்கும் கேக்கணும்." சீர் வரிசையில் ஒன்றிரண்டைக் குறைத்தாவது, நல்ல பெயரெடுத்த ஒரு நாதஸ்வரக் கோஷ்டிக்குச் சொல்லி வைத்தார்.

பெண்ணை அழைத்துப் போகிற கார் என்னுடையதுதான். கல்யாணத்தன்று காலையில் அப்பா பானெட்டைத் திறந்து, அந்த ஃபியூஸைப் பிடுங்கி, ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு உக்காந்து போற காடி. டம்டம்னு ஏதாச்சும் அடிச்சுச்சுன்னா சம்பந்தி வீட்டுல மானம் போயிரும்."

கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கெட்டிமேளமும் வந்திருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. ஆனால் பையில் அந்த ஸ்க்ரூடிரைவர். கடைசி வரிசையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கண்ணே என்றேன். "நடு ஃபேன்ல ஒரு நட்டு லூசு" என்றார்.

முகூர்த்தம் நெருங்கியது. மேளம் வரவில்லை. அப்பா போன் போட்டார். கோஷ்டித் தலைவர் அந்தப் பக்கமிருந்து அழாத குறையாகப் பேசினார்.

"அண்ணே, சிங்கப்பூர்ல ஒரு காலைக் கல்யாணம் முடிச்சிட்டு வந்துக்கிட்டு இருக்கோம். பாலத்துல ஜாம். காடி நகரவே இல்ல. எறங்கி நடக்குறோம் அண்ணே."

"நடந்து எப்பய்யா வந்து சேருவீங்க?"

"நாதஸ்வரம் வந்துரும் அண்ணே. தவில் தூக்குறவன்தான் ஒக்காந்து ஒக்காந்து வரான்."

சிங்கப்பூருக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பாலத்து ஜாமைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அக்கரையில் ஒரு முகூர்த்தம், இக்கரையில் ஒரு முகூர்த்தம் என்று ஒரே காலையில் ஒப்புக்கொள்கிற தைரியம் எங்கள் ஊர் மேளக்காரர்களுக்கு மட்டும்தான் வரும். அப்பா போனை வைத்தார். சம்பந்தி அம்மாள் யாரிடமோ, "மேளம்கூடவா ஏற்பாடு பண்ணல?" என்று கேட்டது மண்டபத்துக்கே கேட்டது. அம்மா அப்பா பக்கம் திரும்பாமல் தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் அப்பாவைக் கொன்றது. மணமேடையில் தங்கச்சி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு ஊமைக் கல்யாணம் என்று ஆகிவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், "நான் போன்ல போடுறேன் அங்கிள்" என்று ஓடி வந்து கோயில் மைக்கின் முன்னால் போனைப் பிடித்தார். ஒத்திகைக்காகத் தட்டினார். ஒரு பெண் குரல் கணீரென்று, "உங்களுக்குப் பிறகு உங்கள் குடும்பத்தின் கதி என்ன? இன்றே காப்புறுதி எடுங்கள்!" என்றது. மாப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தார். இன்சூரன்ஸ் விளம்பரம் முடிந்து ஒருவழியாக மேளம் வந்தபோது, தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது.

"முகூர்த்தம் தாண்டிடும்" என்றார் குருக்கள்.

அப்பா மெல்லத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு நடந்து போனார். நானும் பின்னால் ஓடினேன். கெட்டிமேளம் எழுந்து நின்றார். அப்பா ஜிப்பா பைக்குள் கையை விட்டு ஃபியூஸை எடுத்து நீட்டினார்.

"தம்பி..." என்றார்.

டம்டம், தம்பி ஆகிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு வார்த்தையாவது குத்திப் பேசியிருப்பார்கள். கெட்டிமேளம் ஃபியூஸைக் கையில் வாங்கவே இல்லை.

"உங்க கையாலயே மாட்டுங்க ஐயா. நான் காடிய திருப்பிப் போடச் சொல்றேன்."

காரைப் பின்னுக்கு ஓட்டி, பூட்டு மண்டபத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தோம். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டிய கை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, அன்றைக்கு மாட்ட மறுத்த அதே இடத்தில் அந்த ஃபியூஸை மாட்டியது. மாட்டிவிட்டு அப்பா மணமேடைக்கு ஓடினார்.

"நீ எறங்காத" என்றார் கெட்டிமேளம் என்னிடம். "இன்ஜின் ஓடணும். ஆக்சிலேட்டர லேசா மிதிச்சே வச்சிரு. சோறு கொறைஞ்சா மேளம் படுத்துரும். ஏர்கான ஆஃப் பண்ணு. லைட்ட ஆஃப் பண்ணு. எல்லாச் சோறும் அங்க போகட்டும்."

ஆக, என் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. பூட்டு மூடி திறந்திருந்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. வியர்வை வழிய ஆக்சிலேட்டரை மிதித்தபடி பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் கெட்டிமேளம் மட்டும் தெரிந்தார். கையை உயர்த்தியபடி, கண் இமைக்காமல் மணமேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் சைகை காட்டியிருக்க வேண்டும். கை இறங்கியது. அவர் தந்திருந்த மேளப் பதிவை ரேடியோவில் தட்டிவிட்டேன்.

அந்த மேளத்தை எப்படிச் சொல்வது? ஸ்டீயரிங் அதிர்ந்தது, சீட் அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது. மண்டபத்தின் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. குச்சி ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. பாலத்தில் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த மனிதருக்கே கேட்டிருக்கும் என்று அப்பா இன்றைக்கும் சாதிக்கிறார். கண்ணாடியில் கெட்டிமேளம், இல்லாத ஒரு தவிலை இடுப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மேளம் ஓய்ந்ததும் அப்பா வெளியே வந்தார். கையில் கொஞ்சம் அட்சதை மிச்சம் இருந்தது. நேராகக் கெட்டிமேளத்திடம் போய் அவர் தலையில் தூவினார். "நல்லா இருக்கணும்யா நீ" என்றார். அந்த ஆள் குனிந்து அப்பாவின் காலைத் தொட்டார். பாதி அரிசி அவர் தலைமுடியில் நின்றது, மீதி பூட்டுக்குள் கொட்டியது. அதற்குள் அம்மாவும் வந்துவிட்டாள். "நம்ம கல்யாணத்துக்கும் இவர கூப்பிட்டிருக்கலாம்" என்று அப்பாவிடம் சொன்னாள். அத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் சிரித்துக்கொண்டே பேசியது அன்றைக்குத்தான். மேளக்காரர்கள் பந்திக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் கெட்டிமேளம் வீட்டுக்கு வந்தார். ஆம்பு சூட்டில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பாட்டைப் போட்டார். தாழ்வான ஓர் அடியில் பெட்டிக்குள் 'சரசர' என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது. ஒரு கடலைக்காகப் போலீஸ் முன்னால் பூட்டில் படுத்துக் கிடந்த மனிதர் அல்லவா? ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. முதல் திருகாணியில் வைத்து ஒரு சுற்று சுற்றினார். பெட்டியின் ஓட்டை ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசி ஒன்று அவர் கண்ணில் பட்டது.

அப்பா தூவிய அட்சதை என்று தெரிந்து அதை நகத்தால் தொட்டார். பிறகு திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டார்.

"இருக்கட்டும் லா" என்றார்.

இன்றைக்கு அந்தச் சந்தில் கார் கழுவுகிற கடை இருக்கிறது. கெட்டிமேளம் பத்து பாகாட் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. போன் நம்பரும் மாறிவிட்டது. நானும் கார் மாற்றிவிட்டேன், ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் புதுக் காருக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாட்டிக் கொடுத்த கடையில், "உள்ள என்னமோ கெடக்குது பாஸ், தொறந்து எடுத்துரவா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் தங்கச்சி கல்யாணத்தில் எனக்குக் கிடைத்தது அந்த மேளச் சத்தம் மட்டும்தான். அதைக் கொடுத்த மனிதரின் முகம் அந்த அரிசி சலசலக்கும்போதெல்லாம் பக்கக் கண்ணாடியில் வந்து சிரிக்கிறது.